இரவல் கால்

காலை ஏழே காலுக்குச் செண்பகவல்லிக்குக் கால் வந்தது.

முதலில் வலது உள்ளங்கால். ஈர்க்குச்சி முனையால் யாரோ தொட்டுவிட்டு எடுத்தாற்போல ஒரு தொடல். சற்றுக் கழித்து இடது உள்ளங்கால். அப்புறம் குதிகால், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாக வந்து இடுப்பில் சேர்ந்துகொண்டது. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். வாய் தானாகச் சிரித்தது.

"என்னக்கா, வந்தாச்சா?" என்றான் மைதீன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து திருகுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் அவன். மேலப்பாளையத்துக்காரன்.

"வந்தாச்சு. பொம்பளைக் காலு."

"அதெப்படிச் சொல்லுதிய?"

"ரெண்டாவது வெரல்ல மெட்டி கெடந்த பள்ளம் இருக்குல்லா? குதிகால் பூரா பித்தவெடிப்பு. நாள் முழுக்க நின்னே வேலை பாக்குத மனுசி. ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போட்டாதான் என்னவாம் இவளுக்கு!"

மைதீன் சிரித்தான். அவனுக்கு இது பழகிப்போன வேடிக்கை.

அறுவை அரங்கை ஒட்டின சின்ன அறை அது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மெட்டிக்காரி மயக்கத்தில் கிடக்கிறாள். அவளுடைய உள்ளங்காலில் ஒட்டியிருக்கும் பட்டைகள் பத்து விநாடிக்கு ஒரு தரம் லேசாக மின்சாரம் தட்டும். அந்தத் தட்டு அவளுடைய தண்டுவடம் வழியாகக் கழுத்து வரை ஏறி, அங்கிருந்து வயரில் இறங்கி, மைதீனின் பெட்டிக்குள் புகுந்து, செண்பகவல்லியின் முதுகில் பதித்திருக்கும் சில்லுக்கு வந்து சேரும். எட்டு வருடமாகச் செத்துக் கிடக்கும் அவளுடைய இடுப்புக்குக் கீழே அடுத்தவளின் கால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேரும் சொல்லமாட்டார்கள், முகமும் காட்டமாட்டார்கள். தெரிந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், தொடல் சரியாகத் தெரியாது என்பது டாக்டர் எஸ்தர் ஜெபக்கனியின் உத்தரவு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் எஸ்தர் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தபோது, செண்பகவல்லி முதலில் கதவைத் திறக்கவே மறுத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. டாக்டர் வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நெஞ்சுலேர்ந்து வயித்துக்கு எறங்குற பெரிய ரத்தக்குழாய் இருக்குல்ல, பெருந்தமனி. அது வீங்கிட்டா வெட்டி எடுத்துட்டு வேற குழாய் வெச்சுத் தைக்கணும். தைக்கிற வரைக்கும் கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்தணும். அந்த நேரத்துல தண்டுவடம் பட்டினி கிடக்கும். ரொம்ப நேரம் கிடந்தா செத்துரும். உங்களுக்கு நடந்தது அதுதான்."

"அது எனக்கே தெரியும். உசிரு நின்னுச்சு, காலு போச்சு. அதக் கண்டுபிடிக்க மெசின் கிடையாதா ஒங்ககிட்ட?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"இருக்கு. தலையில தட்டினா கால்ல தசை துடிக்குதான்னு பார்க்கும். ஆனா மயக்க மருந்து கொஞ்சம் கூடினாலும் கத்தும், உடம்பு குளிர்ந்தாலும் கத்தும். எதுக்குக் கத்துதுன்னு நாங்க யோசிக்கிறதுக்குள்ள காரியம் கெட்டுரும். மனுஷங்களுக்கு அப்படியில்ல. கால் மரத்துப்போகப் போகுதுன்னா, மரக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்."

"காலுள்ளவ ஊருல எத்தனையோ பேரு இருக்காவ. அவியளக் கூப்பிடுங்க."

"அவங்க காலே அவங்களுக்குப் பேசிக்கிட்டிருக்கும். அடுத்தவங்க கால் கேட்காது. உங்க பக்கம் அமைதியா இருக்கு."

செண்பகவல்லி நாற்காலியைக் கதவுக்கு அருகில் உருட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது என்பதை டாக்டரம்மாவும் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

"அப்பம், அந்த நேரம் எனக்குக் காலு இருக்குமா?"

"நாலு மணி நேரம் இருக்கும்."

கதவு திறந்தது.

செண்பகவல்லி அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் வரைக்கும் பதினோரு வருடம் ஒரே தடம். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, ஒரு கையில் டிக்கெட் கட்டும் மறு கையில் சில்லறையுமாகப் போவாள். எந்த வளைவுக்கு எந்தக் காலில் பாரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குக் கணக்குப் போட்டுத் தெரிந்ததல்ல. சேரன்மகாதேவி தாண்டி வண்டி இடப்புறம் ஒடியப் போகிறது என்றால், ஒடிப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே வலது கால் ஊன்றிக்கொள்ளும். டிரைவரே கேலி செய்வார், "நீ காலால ஓட்டுத, நான் சும்மா ஸ்டீரிங்க புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்று. அந்த வண்டியிலேயே, வீரவநல்லூர் நிறுத்தத்தில், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். பிறகு நடந்ததுதான் தெரிந்த கதையாயிற்றே.

ஆகவே இந்த வேலையிலும் அவள் கண்டக்டர் பாஷையைத்தான் வைத்துக்கொண்டாள். கவ்வி போட்ட பிறகு நிமிடத்துக்கு ஒரு தரம், இரண்டு காலும் சரியாக இருந்தால் மைக்கில் "ரைட்" என்பாள். கால் மங்கினால் "ஹோல்டான்!" உள்ளே டாக்டர் உடனே ரத்த அழுத்தத்தை ஏற்றுவார், தண்டுவடத்துக்குப் போகிற கிளைக்குழாய்களைத் தேடித் தைப்பார். முப்பத்தொரு அறுவையில் நாலு தரம் ஹோல்டான் சொல்லியிருக்கிறாள். நாலும் நிஜம். நாலு பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதுதான் வேதம். பழைய மெஷின் மூலையில் நின்று கத்தினால் டாக்டரே, "அது கத்தட்டும். செண்பகம் என்ன சொல்றாங்க?" என்று கேட்பார்.

ஒரே ஒருவர் விஷயத்தில்தான் பிசகிப்போனது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மின்வாரிய லைன்மேன் ஒருவர், சங்கரபாண்டி என்று பிறகு தெரிந்தது. அவள் கடைசி வரை ரைட் சொன்னாள். மயக்கம் தெளிந்தபோது அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வார்டுக்குக் கொண்டுபோன பிறகு அழுத்தம் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அப்படியும் நடப்பதுண்டு.

அறுவை இல்லாத நாட்களில் செண்பகவல்லி காத்திருப்பாள். மூன்று வாரம், சில சமயம் ஐந்து வாரம். வீட்டில் போன் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரில் எவனுக்காவது குழாய் வீங்கித் தொலையாதா என்று ஒருநாள் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகக் கன்னத்தில் பளார் பளாரென்று போட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாளும் அந்த நினைப்பு வந்தது. பசி மாதிரிதான் அது. திட்டினால் போய்விடுமா?

அந்த நாலு மணி நேரத்தில் அவள் என்ன செய்வாள் என்பது மைதீனுக்குக்கூடத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் ஏறி நிற்பாள். யார் காலாக இருந்தால் என்ன, ஊன்றி நின்றுவிடுவாள். பேட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று வண்டி போகும். காலுக்குக் கீழே தகரம் அதிரும். அந்த அதிர்வுக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் வந்தது. "செண்பகம், கவ்வி போட்டாச்சு. கவனம்."

"ரைட்."

மணி ஒன்பது நாற்பது. மைதீன் பெட்டியின் அச்சுத்தாள் தீர்ந்துபோனதைப் பார்த்து, ஸ்டோருக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தான். அவன் போன பிறகு நடைபாதையில் யாரோ மருந்துத் தள்ளுவண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனார்கள். செண்பகவல்லிக்கு அது பஸ் சத்தமாகவே கேட்டது. வலது கால், இடது கால். ரைட். மெட்டிக்காரியின் பாதம் அவளுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. ரைட்.

மைதீன் தாளோடு திரும்பி வந்தான். கதவருகிலேயே நின்றுவிட்டான். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. கதவுக்கு அடியில் ஓடுகிற வயரைத் தள்ளுவண்டிச் சக்கரம் இழுத்துப்போட்டிருக்கிறது. செருகி பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது.

"ரைட்" என்றாள் செண்பகவல்லி, கண்ணை மூடியபடி, சிரித்துக்கொண்டே.

மைதீன் அடுத்த நிமிடம் வரை காத்துப் பார்த்தான், தன் கண்ணையே நம்ப முடியாமல்.

"ரைட்."

"யக்கா," என்றான் மெதுவாக. "வயரு கழண்டு கெடக்கு."

"வெளையாடாத மைதீன். வேலை நேரம்."

"கண்ணைத் தொறந்து பாருங்க."

பார்த்தாள். செருகி தரையில் கிடந்தது. அவளுடைய இடது உள்ளங்காலில் ஈர்க்குச்சி முனை தொட்டுவிட்டு எடுத்தது.

மைதீன் பாய்ந்து போய்ச் செருகியை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. "மாட்டிட்டேன். நாலஞ்சு நிமிசந்தான் ஆயிருக்கும். உள்ளுக்க யாருக்கும் தெரியாது. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு இருங்க."

"இப்பம் வருதா?"

"வருதுக்கா. வெளக்கு எரியுதுல்லா?"

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே. அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு." அவள் செருகியையும் பச்சை விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். நீ தட்டுறத நிறுத்து. நிறுத்தினியா இல்லையான்னு சொல்லாத."

மைதீன் பொத்தானை அமுக்கி நிறுத்தினான். பத்து விநாடி. இருபது.

"வலது," என்றாள். "இடது." அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருடம் வளைவுக்கு முன்னாலேயே ஊன்றப் பழகிய உடம்பு, பத்து விநாடித் தாளத்தையும் பழகிக்கொண்டுவிட்டது. தொடல் வருவதற்கு முன்னாலேயே கால் அதை வாங்கிக்கொள்கிறது. வராவிட்டாலும் வாங்கிக்கொள்கிறது. கால் வேண்டும் வேண்டும் என்று கிடந்த ஆசை, கடைசியில் காலைத் தானே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது. அடிப்பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கவ்வி போட்டுக் கிடக்கிறாள் ஒருத்தி. அவளுடைய தண்டுவடம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் இந்த நாற்காலி போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய விஷயமா அது? இனி எந்தக் காலையும் எந்த ஆஸ்பத்திரியும் அவளுக்குத் தராது. இரண்டு வருடத்தில் அவள் வாழ்ந்ததே அந்த நூற்றுச் சொச்சம் மணி நேரம்தான். மிச்சமெல்லாம் படுக்கை, சக்கர நாற்காலி, சுவர்.

"யக்கா, வாய மூடிட்டு இருங்க," என்றான் மைதீன் கெஞ்சலாக. "அடுத்த கேசுக்குள்ள சரி பண்ணிக்கிடலாம். ஒங்களுக்கு இத விட்டா என்ன இருக்கு?"

அன்போடுதான் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மைக்கை அமுக்கினாள். "ஹோல்டான், டாக்டரம்மா."

"எந்தக் கால்?"

"ரெண்டும் இருக்கு. ஆனா அது அந்தப் பொம்பளைக் காலு இல்ல. வயரு கழண்டு கெடந்தப்பவும் எனக்குக் காலு இருந்துச்சு. நான் சொன்னது எதையும் நம்பாதிய. பழைய மெசினப் பாருங்க."

உள்ளே டாக்டரின் குரல் யாருக்கோ கட்டளையிட்டது. பழைய மெஷினில் தட்டினார்கள். வலது கால் துடித்தது. இடது கால் துடிக்கவில்லை. மறுபடி தட்டினார்கள். இல்லை. அழுத்தத்தை ஏற்றச் சொன்னார், தண்டுவட நீரை வடிக்கச் சொன்னார், கிளைக்குழாய் இரண்டைத் தேடிப் பிடித்துப் புதுக்குழாயில் தைக்க ஆரம்பித்தார். ஒலிபெருக்கியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. செண்பகவல்லி ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் முழுக்க அவளுடைய இடது உள்ளங்காலில் பத்து விநாடிக்கு ஒரு தரம் தொடல் வந்துகொண்டே இருந்தது. அவள் அதை வெறுத்தாள். அது நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டும் இருந்தாள்.

இருபத்தாறு நிமிடம் கழித்து யாரோ உள்ளே, "துடிக்குது டாக்டர், இடது துடிக்குது," என்றார்கள்.

மெட்டிக்காரி மறுநாள் கண்விழித்து இரண்டு கால் விரல்களையும் ஆட்டினாளாம். மைதீன் வந்து சொன்னான்.

அந்த வாரமே டாக்டர் எஸ்தர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டிக்குள் எல்லா அறுவையும் பதிவாகியிருந்தது. அதுவரை யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. செண்பகவல்லியின் வாய்ச்சொல் இருக்கும்போது பெட்டியை எவன் பார்ப்பான்? முப்பத்திரண்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சங்கரபாண்டி," என்றார். "வயர் மாட்டியேதான் இருந்திருக்கு, ஆனா பத்து நாற்பத்தேழுலேர்ந்து அவர் கால்லேர்ந்து ஒண்ணுமே வரலை. நீங்க அம்பத்தாறு வரைக்கும் ரைட் சொல்லியிருக்கீங்க. மெஷின் கத்துச்சு. நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன்."

செண்பகவல்லி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு நேரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்லலை செண்பகம். கால் மேல இவ்வளவு ஆசை உள்ளவங்களைக் காலுக்குக் காவல் வெச்சது என் புத்தி. ஆசையிருந்ததாலதான் நீங்க அவ்வளவு நல்லாக் கேட்டீங்க. அதனாலதான் இல்லாததும் கேட்டுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "இதுல ஒரு சங்கடம். உங்களுக்கு உதவியா இன்னொரு ஆள் தேடிக்கிட்டிருந்தோம். போன வாரம் சங்கரபாண்டிதான் அதுக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அவர்கிட்ட எல்லாத்தையும் நான் சொல்லணும்."

"நான் சொல்லுதேன்," என்றாள் செண்பகவல்லி.

ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சிக் கூடத்தில், ஜன்னலோரம் சங்கரபாண்டி சக்கர நாற்காலியில் இருந்தார். முப்பத்தெட்டு வயது, அகன்ற தோள். அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கதான் அந்தக்காவா? ஒங்களப் பத்திச் சொன்னாவ. நாலு மணி நேரம் காலு வரும்னாவளே, நெசமாவாக்கா? எனக்கு ரெண்டு நாளா ஒறக்கம் வரலை, அத நெனச்சு நெனச்சு."

செண்பகவல்லி நாற்காலியை அவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை. மெட்டிக்காரியின் வயர் கழன்றது, அவருடைய அறுவையின் நாற்பத்தேழு, ஐம்பத்தாறு, மெஷின் கத்தியது, அவள் ரைட் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஒங்க காலு போனது என்னாலதான் தம்பி. மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு மொகமில்ல," என்று முடித்தாள்.

சங்கரபாண்டி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். கூடத்தில் யாரோ ஒரு கிழவர் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக வைத்துப் போய், திரும்பி வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் சங்கரபாண்டி, திரும்பாமலே.

"எது தம்பி?"

"எங்காலு. ரெண்டு மாசத்துக்குள்ளயே எனக்கு மறந்து போவுது யக்கா. பாத்தா தெரியுது, தொட்டா கைக்குத்தான் தெரியுது. உள்ளுக்க எப்படி இருந்துச்சுன்னு மறந்து போவுது. எங்காலு எப்படின்னு எங்கம்மைக்குத் தெரியாது, எம்பொண்டாட்டிக்குத் தெரியாது. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

செண்பகவல்லி கண்ணை மூடினாள். கூப்பிட்டதும் வந்தது.

"வலது காலு கொஞ்சம் நீளம். அதனால இடது பக்கம் எப்பவும் லேசாச் சாஞ்சு நிப்பிய. இடது பெருவெரல்ல பாதி நகந்தான். வலது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு, அங்கன மட்டும் ஒண்ணுமே தெரியாது."

"கம்பி கிழிச்சது," என்றார் அவர். "முக்கூடல்ல, மழையில."

"ரெண்டு பாதத்துக்கும் நடுவுல வரி வரியாக் காய்ச்சுக் கெடக்கும்."

"ஏணிப்படி. பதினஞ்சு வருசமா அந்த எடத்துலதான நின்னேன்." நாற்காலி மெல்லத் திரும்பியது. அவர் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. "அப்புறம்? சொல்லுங்க."

"நல்ல சூடு. தியேட்டர்ல எல்லாருக்கும் காலு ஐஸா இருக்கும். ஒங்க காலு மட்டும் வெயில்ல நின்னுட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

"கடைசி வரைக்குமா?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"நாப்பத்தேழுக்கு அப்புறம் ஒம்பது நிமிசம்," என்றார் சங்கரபாண்டி. "அப்பவும் சூடாத்தான் இருந்துச்சா? எங்காலு கடைசியா ஒங்ககிட்டதான இருந்துச்சு?"

ஆமாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரைட் என்கிற அதே சுளுவோடு வந்தது. அதனாலேயே அதை விழுங்கினாள்.

"இல்ல தம்பி. அந்த ஒம்பது நிமிசம் என்கிட்ட இருந்தது எங்காலு."

சங்கரபாண்டி தன் மடியைப் பார்த்தார்.

"அப்பம் எங்காலு போவும்போது," என்றார், "பக்கத்துல யாருமே இல்ல."

"யாருமில்ல தம்பி," என்றாள் செண்பகவல்லி.